எங்கடை ஐயா ஏஜென்சிக்காரர் அல்ல

இதை எழுதுவதா விடுவதா என்று எட்டு வருசமாக யோசித்துவிட்டேன். இரண்டு தரம் கொப்பி வாங்கித் தொடங்கினேன். ஒன்று பேத்தி படம் கீறி முடித்துவிட்டாள். மற்றதில் நானே நாலு வரியோடு பயந்து நிற்பாட்டிவிட்டேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்கிறவன். காலையில் திருநீறு பூசி ஒரு தேவாரம் சொல்லிவிட்டு மண்வெட்டி எடுக்கிற ஆளுக்கு எழுத்து என்ன தொழிலா? ஆனால் இனிப் பொறுக்க ஏலாது. செத்துப்போன என் தகப்பனாரைப் பற்றி ஊர் சொல்லுகிற கதையைத் திருத்தித் திருத்தி எனக்கு வாய் உளைந்துவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கடை ஐயா ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றுகிற ஏஜென்சிக்காரர் அல்ல. ஒருநாளும் அல்ல.

ஐயா வாலிபத்தில் கொழும்பில் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் கிளாக்காகச் சேர்ந்து எகிப்துப் பக்கம் போனவர். இரண்டாம் உலக யுத்தம். பாலைவனத்தில் ஜேர்மன்காரரிடம் பிடிபட்டு, இத்தாலிக்கும் பிறகு ரயிலில் போலந்துக்கும் கொண்டுபோகப்பட்டு, அங்கே முகாமில் இருந்தவர். ஊருக்குத் திரும்பி வந்து கலியாணம் கட்டி, தோட்டம் செய்து, தொண்ணூற்றைந்து வயது வரை இருந்தார். சண்டை பற்றி ஆராவது கேட்டால், "குளிர் கூட" என்பார். அவ்வளவுதான்.

எனக்கு அவர் வாய் திறந்தது ஒரே ஒரு நாள். எங்கள் நாட்டுச் சண்டைக் காலத்தில் ஒரு ஆமிச் சுற்றிவளைப்பு நடந்தது. ஊர் ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிற்பாட்டி ஒவ்வொருவராக நடக்க விட்டார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் ஜீப்பில் இருந்தான். எங்கள் ஊரில் அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். அவன் தலை ஆடினால் அந்த ஆள் போன ஆள்தான். ஐயா நடந்தார், ஆடவில்லை. நான் நடந்தேன், ஆடவில்லை. எனக்குப் பின்னால் வந்த அடுத்த ஒழுங்கைக்காரருக்கு, பக்கத்துச் சந்தில் இருந்தவருக்கு, ஆடியது.

வீட்டுக்கு வந்து ஐயா கிணற்றில் எட்டு வாளி, பத்து வாளி என்று தலையில் ஊற்றிக்கொண்டே நின்றார். நான் துவாயை நீட்டினேன். வாங்கவில்லை.

"தம்பி, நானும் ஒருக்கால் உப்பிடி இருந்தனான்," என்றார். "சாக்கு இல்லை. பலகைத் தட்டி."

அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முகாமில் இருந்து பீட்கிழங்குத் தோட்டத்து வேலைக்குக் கொண்டுபோன இடத்தில் ஐயா தப்பி ஓடினார். அந்த நாட்டுக்காரர் ஜேர்மன்காரருக்கு எதிராக மறைவாக ஒரு படை வைத்திருந்தார்கள். அவர்கள் ஐயாவை ஒரு தச்சு வேலைக்காரர் வீட்டு மேல்தட்டில் ஒளித்து வைத்தார்கள். எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி, "உங்கடை ஐயா நல்ல கறுப்பெல்லே, வெள்ளையருக்குள்ளை எப்பிடி ஒளிச்சுத் திரிஞ்சவர்?" என்பது. திரியவில்லை, திரியவில்லை! ஒன்றரை வருசம் அந்தத் தட்டை விட்டு இறங்கவேயில்லை. அங்கே இருந்தபடியே லண்டன் ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்டு இங்கிலீசில் எழுதிக் கொடுப்பார். அதை அவர்கள் தங்கள் பாசையில் அச்சடித்து இரகசியமாக ஊரெல்லாம் கொடுப்பார்கள்.

இன்னொரு வேலையும் இருந்தது. விமானம் விழுந்து தப்பிய இங்கிலீசுப் பட்டாளத்தார் உதவி கேட்டு வருவார்கள். அதே வேசத்தில் ஜேர்மன்காரரின் ஆட்களும் வருவார்கள். வந்தவனை மேலே ஏற்றி, பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருத்தி, இந்தப் பக்கம் இருந்து ஐயா கதை கொடுப்பார். உண்மையான ஆள் என்றால் பலகையில் ஒரு தட்டு. பொய் ஆள் என்றால் இரண்டு தட்டு. ஒரு தட்டு விழுந்தவர்களைக் காடு, கிராமம் என்று கடத்தி அனுப்பி வைப்பார்கள்.

"கன பேருக்கு ஒண்டு தட்டினனான். ஒருத்தனுக்கு ரண்டு தட்டினனான்."

"ஏன் ஐயா?"

"எல்லாத்துக்கும் சரியா மறுமொழி சொன்னான். ஆனால் சாப்பாட்டைப் பற்றி ஒரு குறை சொல்லேல்லை. இங்கிலீசுப் பட்டாளத்தான் பத்து நிமிசம் முறைப்பாடு சொல்லாமல் இரான் தம்பி. அதை வைச்சுத்தான் ரண்டு தட்டினனான்."

"பிறகு?"

"ரண்டு பேர் பின்பக்கத்தாலை கூட்டிக்கொண்டு போச்சினம். நான் கேக்கேல்லை." துவாயை அப்போதுதான் வாங்கினார். "அவன் சும்மா நல்ல வளர்ப்பிலை வளர்ந்த பிள்ளையா இருந்திருந்தால்?"

அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் அடுத்த ஒழுங்கைக்காரரின் மனிசிக்கு நாங்கள் வெட்டுகிற முதற் குலையில் இருந்து ஒரு சீப்பு போகும். போகாவிட்டால் ஐயா சாப்பிடார்.

ஐயா போனபோது என் மனதில் இருந்தது ஒன்றுதான். இந்த மனிசன் செய்த நல்லதும், அவரை அரித்துக்கொண்டிருந்ததும் உள்ளபடி ஒரு இடத்தில் பதிந்திருக்க வேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்பது எங்கள் வழக்கம். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள் போட்ட சின்னப் புத்தகம். வந்த சனமெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகும். எழுதுகிற பொறுப்பை அத்தானிடம் கொடுத்தேன். அக்காவின் புருசன், பண்டத்தரிப்பு ஊர்க்காரர், இளைப்பாறிய வாத்தியார். அவருக்கு எதிராக நான் ஒரு சொல் சொல்ல ஏலாது. அவர் வாத்தியாராம், நான் வாழைக்காரனாம்.

ஐயாவின் பெட்டியில் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் இருந்து வந்த ஒரு கடிதம் இருந்தது. போலந்து மறைவுப் படையோடு 'ஏஜென்ட்' ஆக வேலை செய்ததற்கு நன்றி என்று அதில் ஒரு வரி. அதையும் கொடுத்து, கிணற்றடியில் ஐயா சொன்ன முழுவதையும் சொன்னேன்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உளவாளி எண்டு போடேலுமே, தம்பி? இந்த ஊரிலை? தலையாட்டி எண்டு நினைப்பாங்கள். மாமாவின்ரை பேர் நாறிப்போம்."

"அப்ப நடந்ததை நடந்தபடி எழுதுங்கோவன்."

"அந்த ரண்டு தட்டையுமோ? விசரே உமக்கு? இங்கிலீசுச் சொல்லை அப்பிடியே விடுவம். ஏஜென்ட். முந்தி வெள்ளைக்காரன் காலத்திலை கச்சேரியிலை, மாவட்டக் கந்தோரிலை, கவர்மென்ட் ஏஜென்ட் எண்டால் ஆர்? ராசா!"

"சனம் கச்சேரியை நினைக்குமோ எண்டு..."

"உமக்குத் தமிழ் தெரியாது. சும்மா இரும்."

சும்மா இருந்தேன். புத்தகம் வந்தது. அதில் இப்படி இருந்தது: அமரர் அவர்கள் போலந்து நாட்டில் ஏஜென்டாக அரும்பணியாற்றி, பலரை எல்லை கடத்திப் பாதுகாப்பாக அனுப்பி வைத்த பெருந்தகை.

அன்றைக்கே தொடங்கியது. அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து கை கழுவ வந்த ஒருவர் என்னை வாழைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"ஐயாவின்ரை அந்த லைன் இப்பவும் ஓடுதோ?"

"என்ன லைன்?"

"போலந்து லைன். எனக்குச் சொல்லலாம், நான் வெளியிலை விடமாட்டன்."

இரண்டு நாள் போக இன்னொருவர். "ஐயா போனால் என்ன, நீங்கள் எடுத்து நடத்துறியள்தானே?" இல்லை என்றால் கண்ணைச் சிமிட்டுகிறார்கள். யுத்தம், ரேடியோ என்று விளக்கினால், "ஓமோம், இப்பிடித்தான் சொல்லவேணும்," என்று தோளில் தட்டுகிறார்கள். குலை வாங்க வந்த வியாபாரி கூட, "பிளேனிலையோ, காட்டாலையோ?" என்று கேட்டான். என் மனிசி அலுத்துப்போய், "கேற்றிலை ஒரு போட்டுப் பலகை எழுதிப் போடுங்கோ: இங்கை வாழைக்குலை மட்டும் விற்கப்படும்," என்றா.

பண்டத்தரிப்புக்குப் போய் அத்தானிடம், ஒரு திருத்தம் அச்சடித்து விடுவமோ என்று கெஞ்சினேன். "புத்தகத்திலை பிழை இல்லை. வாசிக்கிற சனத்திலைதான் பிழை," என்று சொல்லிப் பேப்பரை விரித்துவிட்டார்.

இப்படி மூன்று வருசம். ஆராவது தலைவாசலில் நின்று "போலந்து" என்று வாய் திறந்தாலே எனக்கு நெஞ்சு எரியும். அந்த எரிச்சலில்தான் என் கையால் ஒரு பிழை நடந்தது.

ஒருநாள் காலை, பாத்திக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிற்கிறேன். தொண்டைமானாற்றில் இருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண். கடற்தொழில் செய்கிற குடும்பம் என்று பிறகு அறிந்தேன். கையில் ஒரு படம்.

"அண்ணை, போலந்து..."

"இல்லை பிள்ளை! இங்கை ஒரு ஏஜென்சியும் இல்லை. போங்கோ."

"அண்ணை, நான் போறதுக்குக் கேக்கேல்லை. என்ரை பிள்ளை..."

"எத்தினை பேருக்குச் சொல்லுறது? போங்கோ எண்டால் போங்கோ!"

படத்தை நான் பார்க்கவில்லை. அவ கேற்றடியில் குனிந்து, எங்கள் செம்மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வீட்டைப் பார்த்துத் தூற்றினா.

"என்ரை பிள்ளையைக் காட்டிலை விட்டவன்! உன்ரை கொப்பன்ரை பேர் அழிஞ்சு போக! சந்நிதியான் கேப்பான்!"

மண் வாரித் தூற்றுவது எங்கள் பக்கத்தில் சின்ன விசயம் அல்ல. அதுவும் ஒரு தாய். அதுவும் முருகன் பேரைச் சொல்லி. என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஒருவனுக்கு இரண்டு தட்டுத் தட்டியதற்கே சாகும்வரை நொந்த மனிசன் மேல், ஆரோ ஒரு ஏஜென்சிக்காரனின் பாவத்தை இறக்கிவிட்டுப் போகிறா. அதற்கு வழி விட்டவன் நான்.

மனிசி மண்ணைக் கூட்டவில்லை. "நீங்கள் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ, பிறகு கூட்டுறன்," என்றா.

அடுத்த வெள்ளி தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அங்கே விசாரித்து அவவின் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் கதவைச் சாத்தப் போனா. "மண் தூத்தினதுக்குச் சண்டை பிடிக்க வரேல்லை, பிள்ளை. நான்தான் பிழை. படத்தைக் காட்டுங்கோ," என்றேன்.

இருபத்திரண்டு வயதுப் பெடியன். ஒரு ஏஜென்சி அவனைப் போலந்து எல்லைக் காட்டில் இறக்கி, நடக்கச் சொல்லிவிட்டதாம். "அம்மா, குளிருது," என்று எடுத்ததுதான் கடைசிப் போன். அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒரு சத்தமும் இல்லை. நீர்வேலியில் ஒரு போலந்து ஏஜென்ட் குடும்பம் இருக்கிறது என்று ஆரோ கல்வெட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

நான் கடிதத்தை விரித்து வைத்து எல்லாம் சொன்னேன். அத்தான் விட்ட இரண்டு தட்டையும் விடாமல் சொன்னேன். அந்த இடத்தில் அவ நிமிர்ந்து பார்த்தா. பிறகு கேட்டா:

"ஒன்றரை வருசமும் ஆர் சாப்பாடு குடுத்தது?"

"அந்தத் தச்சு வீட்டு அம்மா. அவை கத்தோலிக்கர், வெள்ளிக்கிழமையிலை அவையும் இறைச்சி தொடாயினமாம். ஐயாவும் விரதம். அதாலை வெள்ளியிலை ரண்டு பேருக்கும் ஒரே சட்டிக் கஞ்சி."

"அவவுக்குப் பயமில்லையோ?"

"இல்லாமல்? பிடிச்சால் குடும்பத்தோடை சுடுவாங்கள்."

"தெரிஞ்சும் குடுத்தவவோ?"

"ஓம்."

"கறுத்த ஆள் எண்டு பாத்தும்?"

"ஓம் பிள்ளை. பாத்தும்தான்."

அவ படத்தைக் கையில் எடுத்தா. "அப்ப அங்கை அப்பிடியான சனமும் இருக்கு," என்றா. "என்ரை பிள்ளைக்கும் ஆரும் கதவு திறந்திருப்பினம்." எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டா. நான் வெளிக்கிடும்போது, "உங்கடை ஐயாவின்ரை பேரைச் சொல்லித் திட்டினதை நாளைக்குப் போய்ச் சந்நிதியானிட்டைத் திருப்பி எடுக்கிறன் அண்ணை," என்றா. எனக்கு நெஞ்சு ஆறியது. ஐயாவின் கதையை உள்ளபடி கேட்டு விளங்கிக்கொண்ட முதல் ஆள் அவதான் என்று சந்தோசமாக பஸ் ஏறினேன்.

எத்தனை நாளைக்கு? ஒரு மாதம் போகவில்லை. தோட்டத்துக்கு வந்த ஒருவர் சொல்லுகிறார்: "கேள்விப்பட்டம். உங்கடை ஐயாவை வைச்சிருந்த அதே வீட்டுக்காரர்தானாம் தொண்டைமானாற்றுப் பெடியனையும் வைச்சுப் பாக்கினம். வெள்ளிக்கிழமைக் கஞ்சி குடுக்கினமாம். நீங்கள்தான் ஒழுங்கு படுத்தினதாம்!"

நான் மண்வெட்டியை எறிந்துவிட்டு வரம்பில் குந்திவிட்டேன். முருகா, நான் என்ன சொன்னேன், இதுகள் என்ன கேட்குதுகள்!

அந்தப் பிள்ளை இன்றுவரை போன் எடுக்கவில்லை. தாய் என்னைச் சந்நிதியில் காணும்போதெல்லாம் சிரிக்கிறா. "அங்கை இப்ப குளிர் விட்டிருக்கும் என்ன அண்ணை?" என்று கேட்கிறா. நான், "ஓம், விட்டிருக்கும்," என்கிறேன். வேறு என்னத்தைச் சொல்ல?

ஆகையால் வாசிக்கிற உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை ஆருக்கும் சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள். எங்கடை ஐயாவைப் பெருந்தகை ஆக்க வேண்டாம், ஏஜென்சிக்காரர் ஆக்கவும் வேண்டாம். ஒரு தட்டுத் தட்டியதைச் சொல்லுகிற வாய் இரண்டு தட்டுத் தட்டியதையும் சொல்லட்டும். அவர் எங்களிடம் அதை மறைக்கவில்லை, நீங்களும் மறைக்காதீர்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம், அழகுபடுத்த வேண்டாம். தொண்டைமானாற்றில் ஒரு தாய் இதை வேறு மாதிரிச் சொல்லக் கேட்டால் மட்டும், அவவைத் திருத்தப் போகாதேங்கோ.