நைனாவிடம் பாஸாக வேண்டும்

அப்பாவைப் பார்த்துக்கொள்வதும் ஒரு உத்தியோகம்தான். ஒரே வித்தியாசம், இதில் மேலதிகாரியை நாம்தான் குளிப்பாட்ட வேண்டும்.

வயதான அப்பா அம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டு பல்லைக் கடிக்கும் என் கூட்டாளிகளே, கொஞ்சம் கேளுங்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குப் பேக்கிங் சூப்பர்வைசர் வேலை. எங்கள் நைனா தோல் பதனிடும் ஷாப்பில் செலக்‌ஷன் மேஸ்திரியாக இருந்தவர். பதனிட்ட தோலை மேஜைமேல் விரித்து, வெளிச்சத்தில் தடவிப் பார்த்து ஃபர்ஸ்ட், செகண்ட்ஸ், தேர்ட், ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. ரிட்டயர் ஆனாரே தவிர, பிரிப்பதை நிறுத்தவில்லை. சட்னியிலிருந்து சம்பந்தி வரைக்கும் அவரிடம் கிரேடு உண்டு.

போன ஆடியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனது. ஏற்கெனவே சர்க்கரை வேறு. மனைவி மலரும் கம்பெனிக்குப் போகிறவள். தம்பி துபாயில் இருந்துகொண்டு வாட்ஸப்பில் மிகுந்த அக்கறையோடு விசாரிப்பான். கம்பெனியில் எனக்கு இரண்டு மாதம் லீவு கொடுத்தார்கள். அதற்குள் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் அமையாவிட்டால் என் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். ஆள் கிடைப்பார். அந்த ஆளை நைனா பாஸ் பண்ண வேண்டும்.

ஒரு லாட், ஒரு ஷேடு

ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த மாத்திரை டப்பாவை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து, நாள் வாரியாக எல்லாவற்றையும் போட்டு நிரப்பி, பெருமையோடு பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் நைனா பேப்பரை விரித்து அத்தனை மாத்திரையையும் கொட்டி, மறுபடி அடுக்கி முடித்திருந்தார். திங்கட்கிழமை முழுக்க வெள்ளை. செவ்வாய் முழுக்க ரோஸ். புதன்கிழமை மஞ்சள் மட்டும். அந்தக் கணக்கில் விழுங்கினால் சர்க்கரைக்கு ஒரு நாள், பிரஷருக்கு ஒரு நாள் என்று விரதம் மாதிரி ஆகிவிடும்.

டாக்டர் சீட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பழையபடி பிரிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. அன்றிலிருந்து டப்பா பீரோவுக்குள் இருக்கிறது. அந்தந்த வேளைக்கு உள்ளதை மட்டும் கையில் கொடுத்து, விழுங்கும் வரை பக்கத்திலேயே நிற்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நைனாவுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை.

"ஒரே லாட்டுல நாலு ஷேடு கலந்து வெச்சிருக்க. பார்ட்டி பாத்தான்னா திருப்பி அனுப்பிடுவான்டா."

மூணாம் நம்பர் வலி

வேலூரில் நாங்கள் பார்க்கும் எலும்பு டாக்டர் நிதானமானவர். வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று நைனாவைக் கேட்டார். நைனா காலைத் தடவிப் பார்த்து, ஆழ்ந்து யோசித்து, "மூணு" என்றார். அப்படியானால் நன்றாக ஆறி வருகிறது என்று சந்தோஷப்பட்டு, டாக்டர் வலி மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். நானும் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு நாள் வீட்டில் முனகல் தாங்கவில்லை. மூணு என்றுதானே சொன்னாய் என்று கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. ஆகவே, டாக்டரிடம் போகுமுன் வலி எங்கே, எப்போது, எந்த அளவு என்று நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போனில் டாக்டரிடம் விளக்கி மாத்திரையைப் பழையபடி ஆக்கினேன். நைனா அவரை மன்னிக்கவில்லை.

"மூணாம் நம்பர்னு சொல்றேன். அதுக்குக் கீழ ரிஜெக்ட்தான். படிச்ச மனுசனுக்கு இது கூட தெரியாதா?"

தேறாதவர்கள்

பார்த்துக்கொள்ள முதலில் வந்த பையனின் உள்ளங்கையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, சொரசொரப்பு ஜாஸ்தி என்று அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவர் சோளிங்கர்க்காரர். பொறுமைசாலி, பல வீடுகளில் வேலை பார்த்தவர். மூன்று நாள் தாக்குப்பிடித்தார். அவர் விரித்த படுக்கையில் சுருக்கம், ஊட்டிய கஞ்சியில் கட்டி, சீவிவிட்ட தலையில் கோணல் என்று நைனா ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். லீவு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அன்றைக்கு நைனாவிடம் கத்திவிட்டேன். கத்திவிட்டு பாத்ரூமில் போய் வெட்கத்தோடு நின்றேன். சோளிங்கர்க்காரர் வெளியே பையை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"சார், முடியாதவங்கள பாத்துக்குவேன். இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் என்னால ஆவாது."

மடித்து வைத்த தோல்

கடைசியாக வந்தவர் அஸ்லம் பாய். தோல் ஷாப்பில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, படுத்த படுக்கையான தன் அம்மாவை ஆறு வருஷம் பார்த்து இந்த வேலையைக் கற்றவர். நைனா நாற்காலியில் உட்கார்ந்து, காலைப் போர்வையால் மூடிக்கொண்டு, வழக்கம்போல அவர் உள்ளங்கையைக் கேட்டுக் கையை நீட்டினார். பாய் கொடுக்கவில்லை. போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, ஓட்டைய உள்ள வெச்சி மடிச்ச தோலாட்டம் ஒக்காந்துகினு இருக்கீங்க. பிரிங்க, பாப்போம்" என்றார்.

மட்டத் தோலைத் தள்ளிவிட நினைக்கிறவர்கள், ஓட்டை உள்பக்கம் வருகிற மாதிரி மடித்து அடுக்குவார்களாம். ஆயுள் முழுக்க அந்தத் திருட்டைப் பிடித்தவர், அன்றைக்குத் தானே மாட்டிக்கொண்டு முழித்தார். போர்வையை எடுத்தால் வலது குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். சர்க்கரைக்காரருக்கு அது காலையே வாங்கிவிடும். குளிக்கும்போது அந்தக் காலை நானே தேய்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதைக் கூச்சம் என்று நினைத்து விட்டிருந்தேன். தோல் ஷூவாகி டப்பாவுக்குள் போகும்போது மட்டுமே பார்க்கிற என்னைப் போன்றவனுக்கு ஓட்டை எங்கே தெரியும்?

சொன்னால் நான் லீவை நீட்டி வேலையை விட்டுவிடுவேன் என்று பயந்தாராம். வந்த ஆட்களை எல்லாம் விரட்டிக்கொண்டே என் வேலைக்காகவும் பயந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஆரம்பம்தான், கட்டுப் போட்டால் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகே மூச்சு வந்தது. தினமும் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், ஐயா. அவர்கள் வேண்டாம் என்று சொன்னாலும் பாருங்கள். திரும்பி வந்து வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது நைனா என் பக்கம் சாய்ந்தார்.

"அந்த பாய வெச்சிக்கோடா. கண்ணு இருக்குது."

திங்கட்கிழமை

சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டும்போது உள்ளே பேச்சு கேட்டது. எல்லாத்துக்கும் கிரேடு போடுகிறீர்களே, பிள்ளைக்கு என்ன கிரேடு என்று பாய் கேட்டார். நாடா கட்டி முடிந்திருந்தும் நான் நிமிரவில்லை.

"செகண்ட்ஸ்தான். ஆனா ஓட்டையெல்லாம் ஓரத்துல, கட்டிங்ல போய்டும். நடுவுல சுத்தம்."

ஐம்பது வயதில் ஒருவழியாகப் பாஸாகிவிட்டேன். ஃபர்ஸ்ட் யார் என்று கேட்டால், வருஷத்துக்கு ஒரு தடவை துபாயிலிருந்து பேரீச்சம்பழம் கொண்டு வருகிறானே, அவன்தான்.