மக்கீன் சேர் டில்லிக்குக் கொண்டுபோன தட்டு

"என்ட கையத் தவிர இன்னொருத்தன்ட கை பட்ட சோறு, நான் மௌத்தாகி கபுறுக் குழிக்குள்ள போற வரைக்கும் என்ட வாய்க்குள்ள போகாது. எழுதி வெச்சுக்கொள்ளுங்க."

இப்படிச் சொன்னவர் மருதமுனை மக்கீன் சேர். சொன்ன இடம், அவருடைய ஒரே மகள் றிஸ்லாவுக்குக் கலியாணம் பேசி முடித்த அன்றைய பகல் சாப்பாடு. எதிரே இருந்து கேட்டவர், மாப்பிள்ளையின் வாப்பா, சாய்ந்தமருது மீன் முதலாளி காலிதீன். இன்னொருத்தன்ட கை என்று சேர் குறிப்பிட்டது அந்த முதலாளியின் வலது கையைத்தான். அது அப்போது சஹனுக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்து விருந்துகளில் ஒரு பெரிய தட்டத்தில் சோற்றைக் குவித்து, சுற்றிவர ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அதுதான் சஹன். அவரவர் பக்கத்தில் இருந்து அவரவர் சாப்பிடவேண்டும். ஆனால் மதிக்கத்தக்க ஆள் கூட இருந்தால், நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்துக் கையால் பிய்த்து அவர் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. காலிதீன் முதலாளி அந்த மரியாதையைத்தான் செய்தார். சேர் அந்தத் துண்டைப் பார்த்தார். துண்டைத் தள்ளிய விரலைப் பார்த்தார். விரலின் நகத்தை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு மேற்சொன்ன பிரகடனத்தை வெளியிட்டு, எழும்பிப் போய்த் தன் சொந்தத் தட்டில் தனியாகச் சாப்பிட்டார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். மக்கீன் சேர் முப்பத்தொரு வருடம் கல்முனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்தவர். முதுகு சொறிந்த அகப்பையால் கறி கிண்டிய சமையற்காரர்களையும், சீனிப்பாணிக்குள் குடும்பத்தோடு குடியிருந்த கரப்பான்களையும் நேரிலே கண்டவர். அவர் தெருவில் இறங்கினால் ஹோட்டல்காரர்கள் நகம் வெட்டத் தொடங்குவார்கள். அவருடைய மூக்கு அரசாங்க மூக்கு. ஆளுக்குப் பென்சன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் மூக்கு மட்டும் சேவையில் இருந்தது.

காலிதீன் முதலாளி அன்றைக்குச் சாப்பிட்டு முடித்து, ஸலாம் சொல்லிப் போய்விட்டார். மூன்றாம் நாள்தான் ஆள் மூலம் வார்த்தை வந்தது. "என்ட மகன் ஹாதிக் கலியாணம் முடிச்சு அந்த ஊட்டுக்குத்தானே போய் இருக்கப்போறான்? வாப்பாட கைய அருவருக்கிற ஊட்டுல மகன் எந்தப் பீங்கான்ல தின்னுவான்? யோசிச்சுச் சொல்லுறன்."

பெப்ரவரியில் கலியாணம். 'யோசிச்சுச் சொல்லுறன்' என்று நவம்பரில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது றிஸ்லாவுக்கும் தெரியும். பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டது.

சேரின் மனைவி றாபியா காரியக்காரி. டில்லி பார்க்கவேண்டுமென்ற முதலாளியின் நெடுநாள் ஆசையை எப்படியோ அறிந்து, ஜனவரியில் நாலு நாள் பயணத்துக்கு சேர், முதலாளி, தான் ஆக மூன்று பேருக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். முழங்கால் வருத்தத்தால் முதலாளியின் மனைவி வரவில்லை.

"இஞ்சாருங்க, கோட்டையப் பாருங்க, தாஜ்மஹாலப் பாருங்க, பார்க்காம உடுங்க. அந்த மனிசனோட ஒரு தட்டுல ஒரு பிடி திண்டுட்டு வாங்க. இல்லாட்டி ஒங்கட மகள்ட கலியாணம் இல்ல" என்றார் றாபியா.

"பார்ப்பம்" என்றார் சேர். பார்த்துக்கொண்டே பயணப்பெட்டிக்குள் எவர்சில்வர் தட்டு, கரண்டி, கேத்தல், நாலு பக்கற் கிறீம் கிறேக்கர், பெரிய டெட்டோல் போத்தல், தன் கையாலேயே பொரித்து இறுக்கி மூடிய ஒரு பெட்டி சூரை மீன் ஆகியவற்றை அடுக்கினார்.

டில்லி அவரைப் புகையோடு வரவேற்றது. மூடுபனியும் புகையும் கலந்து கிடந்த அந்தக் காற்றை மூச்சில் எடுப்பதா, கடித்து விழுங்குவதா என்று சேருக்கு விளங்கவில்லை. ஜும்ஆப் பள்ளிவாசலுக்குக் கிட்ட ஒரு சந்துக்குள் லொட்ஜ். அறைக்குள் ஐஸ் பெட்டிக் குளிர். கட்டிலில் தடித்த பஞ்சுப் போர்வை. சேர் அதை விரல் நுனியால் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்தார். அதில் ஏழெட்டுப் பேரின் வாழ்க்கை வரலாறு இருந்தது. சேர் மூன்று சாரன்களை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தி, ஜெக்கற்றைப் பூட்டி, தொப்பியைக் காதுவரை இழுத்து, கதிரையில் இருந்தபடியே விறைத்தார். அடுத்த அறையில் காலிதீன் முதலாளி அதே மாதிரிப் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டு விட்ட குறட்டை, சுவரைத் தாண்டி வந்தது.

விடிந்ததும் தேத்தண்ணிக் கடை. அடுப்படியில் நின்றவன் மூக்கைத் துடைத்த கையாலேயே இஞ்சி தட்டினான். சேர் அடுப்படிக்கே போனார். பாஷை தெரியாதபடியால், கையை நீட்டு, நகத்தைக் காட்டு என்று சைகை செய்தார். கல்முனையில் அந்தச் சைகைக்கு வலிமையான ஆண்களே வியர்த்திருக்கிறார்கள். டில்லிக்காரன் முகம் மலர்ந்து, உள்ளங்கையை விரித்து நீட்டினான். பக்கத்துக் கடைக்காரனும் ஓடிவந்து நீட்டினான். ஒரு கிழவர் தன் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சேர், ஒங்களக் கைரேகை பார்க்கிற ஆளெண்டு நினைக்காங்க. சும்மா ஆயுசு நூறெண்டு சொல்லிப்போட்டு வாங்க" என்றார் முதலாளி, வயிறு குலுங்க.

"இந்த நகத்தோட நூறு இல்ல முதலாளி, நாப்பது தாண்டினாலே பெரிய காரியம்."

செங்கோட்டையில் மட்டும் அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது. அரச மண்டபங்களுக்கு நடுவே பளிங்கில் ஓடிய பழைய நீர்வாய்க்காலைக் கண்டதும், மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, சேர் குந்தி இருந்து ஒற்றைக் கண்ணை மூடி வாட்டம் பார்த்தார். "சரியான வாட்டம். தண்ணி ஒரு சொட்டுத் தேங்காது" என்று முகலாயருக்குச் சான்றிதழ் வழங்கினார். "அவங்களுக்குப் பிறகு இந்த ஊர்ல வடிகானப் பத்தி யோசிச்ச ஒருத்தனும் பொறக்கல்ல." பக்கத்திலேயே எவனோ துப்பிய வெற்றிலை எச்சில் சிவந்து கிடந்தது. சேர் தன் கூற்றுக்கு அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

காலிதீன் முதலாளியோ கண்டதையெல்லாம் சாப்பிட்டார். கபாப், எண்ணெயில் பொரிந்து பாணியில் விழுந்த ஜிலேபி, இரவு முழுக்கக் கொதித்த நிஹாரி என்னும் இறைச்சிக் குழம்பு. ஒவ்வொரு முறையும் தட்டை மேசையின் நடுவுக்கு நகர்த்தி, "வாங்க சேர், பிஸ்மி சொல்லிக் கை வைங்க" என்பார். சேர் தன் தட்டை வெளியே எடுத்து, டெட்டோல் தெளித்துத் துடைத்து, நாலு கிறேக்கரையும் ஒரு துண்டு சூரையையும் அதில் வைப்பார். அப்போதெல்லாம் றாபியா கண்ணால் சுடுவார். சேர் கூரையைப் பார்ப்பார். அங்கேயும் ஒட்டறை.

இரண்டாம் நாள் பின்னேரம் சேர் மீன் பெட்டியைத் திறக்கும்போது, முதலாளியின் மூக்கு இரண்டு முறை அசைந்தது.

"சேர், அந்தச் சூரை சரியில்ல. எனக்கு மணக்குது."

"என்ட அடுப்புல, என்ட கையால பொரிச்சது முதலாளி."

"நாப்பது வருசம் மீன் வாடியில நிண்டவன் சொல்லுறன். அதக் கொட்டுங்க."

"முதலாளி, கெட்ட சூரை மனிசன என்ன பாடு படுத்துமெண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய்ப் பாடமெடுத்தவன் நான்" என்று சொல்லி, ஒரு துண்டை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே மென்று விழுங்கினார். மறுநாள் காலையிலும், மிச்சமிருந்த இரண்டு துண்டையும், கொள்கையின் பேரில் சாப்பிட்டார்.

அன்றைக்கு ஆக்ரா. தாஜ்மஹால் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பனி இருந்தது. ஒரு மணித்தியாலம் அந்தப் பனியைப் பார்த்துவிட்டு வேனில் ஏறினார்கள். பாதி வழியில் சேரின் முகமும் கழுத்தும் சிவந்தன. தலை இடித்தது. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய அறிகுறிகள் ஒவ்வொன்றாக, எழுதிய வரிசை தப்பாமல், அவருக்கே வந்து ஆஜராகின.

"வேன நிப்பாட்டுங்க!" என்று றாபியா கத்தினார். முன்னும் பின்னும் பனிக்குள் லொறிகள். சாரதி தலையை ஆட்டினான். பையைத் தேட நேரமில்லை. பக்கத்தில் இருந்த காலிதீன் முதலாளி, மனைவிக்கென்று வாங்கி மடியில் வைத்திருந்த சால்வையைத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் குவித்து, தொழுகைக்கு முன் வுழூச் செய்யத் தண்ணீர் ஏந்துவது போல சேரின் வாய்க்குக் கீழே பிடித்தார்.

சேர் அந்தக் கைகளை நிரப்பினார். அதை யன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டு முதலாளி திரும்பவும் ஏந்தினார். சேர் திரும்பவும் நிரப்பினார். விபரம் இவ்வளவு போதும்.

"வெக்கப்படாதீங்க சேர். மீன் குடல் அள்ளின கை. உள்ளதெல்லாம் வரட்டும்."

கடைசியில் வேன் ஓரிடத்தில் நின்றது. முதலாளி தெருவோரக் குழாயில் கையை அலம்பிவிட்டு வந்தார். சேருக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. உயிருக்கு முன்னதாகவே உத்தியோகம் வந்துவிட்டது. பெட்டியைத் துழாவி டெட்டோல் போத்தலை எடுத்து நீட்டினார்.

"இதப் போட்டுத் திருப்பிக் கழுவுங்க முதலாளி. நகக்கண் எல்லாம். ஒரு இருவது செக்கனாவது தேய்க்கணும்."

முதலாளி போத்தலைப் பார்த்தார். சேரைப் பார்த்தார்.

"சேர், அது ஒங்கட வாந்தி."

போத்தலை வாங்காமலே வேனில் ஏறினார். லொட்ஜ் வாசலில் முதலாளி றாபியாவிடம் மட்டும் சொன்னார்: "தங்கச்சி, கோவிக்காதீங்க. புள்ள றிஸ்லாவில ஒரு குறையும் இல்ல. ஊருக்குப் போய், நாளண்டைக்கு அசறுத் தொழுகைக்குப் பிறகு முடிவச் சொல்லி அனுப்புறன்."

"சரி காக்கா" என்றார் றாபியா, அண்ணனிடம் சொல்வது போல. அறைக்குள் வந்ததும் றிஸ்லாவுக்கென்று வாங்கிய சிவப்புச் சால்வையைப் பிரித்து, மடித்து, திரும்பப் பிரித்து, திரும்ப மடித்தார். சேர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் குளிர் நடுக்கம் தாங்கமுடியவில்லை. ஏழெட்டுப் பேரின் வாழ்க்கை வரலாற்றை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டு படுத்தார்.

நாலாம் நாள் காலை. பத்து மணிக்கு விமான நிலையம். காலிதீன் முதலாளி பள்ளிக்குப் பக்கத்துச் சந்தில், அண்டாவுக்கு முன்னால் போட்டிருந்த நீள மர வாங்கில் தனியாக இருந்து நிஹாரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரன் தும்மிவிட்டு ரொட்டியைப் புரட்டினான். மேசை துடைத்த துணி, துணியாக இருந்த காலம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. கீழே வடிகானில் ஏதோ மிதந்தது. எதுவென்று பார்க்காமலே சேரின் மூக்கு சொல்லியது.

சேர் வந்து எதிர்வாங்கில் இருந்தார். றாபியா பின்னால் நின்றார்.

முதலாளி தலையை நிமிர்த்தி ஸலாம் சொன்னார். தட்டை நடுவுக்கு நகர்த்தவில்லை. 'வாங்க சேர்' என்றும் சொல்லவில்லை. தன்பாட்டில் ரொட்டியைப் பிய்த்தார்.

சேர் பெட்டியைத் திறந்தார். எவர்சில்வர் தட்டு அவர் கைக்கு வந்தது. டெட்டோல் போத்தல் மூடி கழன்றது. றாபியா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

மூடி திரும்பப் பூட்டப்பட்ட சத்தம் கேட்டது.

மக்கீன் சேர் தட்டைப் பெட்டிக்குள் வைத்தார். வலது கையை நீட்டி, முதலாளியின் தட்டில், குழம்பு உறைந்து கிடந்த ஓரத்தில், எலும்போடு ஒட்டியிருந்த நல்ல இறைச்சித் துண்டைப் பார்த்து விரலால் பிய்த்தார். அதைக் காலிதீன் முதலாளியின் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

முதலாளியின் வாய் மெல்வதை நிறுத்தியது.

பிறகு சேர், முதலாளி கடித்துவிட்டு வைத்திருந்த ரொட்டியின் மிச்சத்தை எடுத்து, குழம்பில் நன்றாகத் தோய்த்து, கண்ணை இறுக மூடி, பிஸ்மி சொல்லி வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். கண்ணைத் திறந்தார். தட்டு மேசையின் நடுவுக்கு வந்திருந்தது.

"உப்புக் கொஞ்சம் கூட, சம்மந்தி" என்று சொல்லிவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார்.