பத்துக்குப் பத்து வாங்கிய உப்புக் காப்பி

“எதிர் வீட்டில் இருக்கிறேன். உங்கள் மெஷின் கத்திக்கொண்டே இருக்கிறது. அணைக்கத் தெரியவில்லை. காப்பி அங்கேயே குடித்துக்கொள்கிறேன்.”

ஆவணி 14, சனிக்கிழமை என்று அச்சிட்ட தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் மனைவி பென்சிலால் எழுதி, சர்க்கரை டப்பாவைப் பாரமாக வைத்துவிட்டுப் போன குறிப்பு இது. நேரம் குறிப்பிடவில்லை. நான் எழுந்து வந்தபோது மணி ஐந்து ஐம்பத்திரண்டு. அன்றைய தாளை அன்றைக்கே கிழித்திருந்தாள். எங்கள் வீட்டில் அது மறுநாள் காலையில் நான் செய்யும் வேலை. ஆகவே கோபம் என்று புரிந்துகொண்டேன்.

மெஷின் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. மோட்டார் பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவிலேயே காலம் தள்ளியதில் என் இடது காது போய்விட்டது. நல்ல காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் வாசலில் லாரி வந்து நின்றாலும் தெரியாது. காலிங் பெல், குக்கர் விசில், போன் எல்லாவற்றுக்கும் மனைவியின் காதுதான்.

அந்தக் காப்பி மெஷின் வீட்டுக்குள் வந்த காரணத்தையும் எழுதிவிட வேண்டும். ஆவணி 5, வியாழக்கிழமை, எங்கள் பித்தளைக் காப்பி ஃபில்டரின் மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தோடு இறுகிக்கொண்டது. மனைவி வெந்நீரில் வைத்துப் பார்த்தாள், துணியைச் சுற்றித் திருகிப் பார்த்தாள். நான் கார் ஷெட்டுக்குப் போய்ப் பைப் ரிஞ்சை எடுத்து வந்தேன்.

“ஏனுங்க, அது ஃபில்டருங்க. பம்பு ஃபுட்வால்வ் இல்லீங்க.”

“தெரியும் அம்மணி. ஒரு கால் திருகு போதும்.”

பாத்திரங்கள் பிரிந்தன. ஆனால் மேல் பாத்திரத்தின் வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அது எந்தப் பாத்திரத்தின் மேலும் உட்காரவில்லை.

“செரி, பாத்திரக் கடைக்குப் போயி இதே மாதிரி ஒண்ணு வாங்கிப்போட்டு வாங்க” என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். அப்படியே செய்திருந்தால் சோதனைக் கணக்கெல்லாம் எழுதும் இந்த நோட்டில் நாற்பது பக்கம் மிச்சமாகியிருக்கும்.

“வாங்கறதுதான் வாங்கறோம், என்னென்ன இருக்குதுன்னு பாத்துப்போட்டு வாங்கலாம்.”

“நீங்க பாத்துப்போட்டு வாங்கறதுக்குள்ள தீவாளி நோம்பி வந்துருமுங்க.”

நான் மின்சார மெஷின் ஒன்றை வாங்கிவரும்வரை ஒரு வாரம் துணியில் வடிகட்டிக் குடித்தோம். சுமாரான காப்பிதான். ஆனால் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து குடித்தோம். கல்யாணமான மறுநாளிலிருந்து அப்படித்தான். காலை ஐந்தரை மணி, ஆளுக்கொரு டம்ளர், பேச்சு அதிகம் இருக்காது. என் நல்ல காதுப் பக்கமாக அவள் நாற்காலி. அந்த நாற்காலிதான் ஆவணி 14 முதல் காலியானது. மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். ஐந்து நாற்பதுக்குப் போய் ஆறேகாலுக்குத் திரும்புவாள். நான் புதிய மெஷின் முன்னால் தனியாக உட்கார்ந்து, அவள் எப்போது திரும்ப வந்து உட்காருவாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சரியான மெஷினைக் கண்டுபிடித்துவிட்டால் வந்துவிடுவாள் என்பது என் கணிப்பு.

சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் சொன்னேன்.

“ஏனுங்கப்பா, அம்மாளையே கேட்டுப்போட்டா முடிஞ்சுது. இதுக்கெதுக்கு நோட்டு?”

“கேட்டா உங்கம்மா நல்லா இருக்குதும்பா, கண்ணு. அதெல்லாம் ஒரு அளவா?”

“நல்லா இல்லாமத்தானே எதிர் ஊட்டுக்குப் போறாங்க?”

இதை நானும் அப்படியே நம்பினேன். எதிர் வீட்டுக் காப்பி எங்கள் மெஷின் காப்பியைவிட நல்லது என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன். பிற்பாடு இந்த வரியை அடிக்க நேர்ந்தது.

புரட்டாசி 5, ஞாயிற்றுக்கிழமை, முறையான சோதனை வைத்தேன். மெஷின்கள் மூன்று. ஒன்று நான் வாங்கிய, சொட்டுச் சொட்டாக வடித்துவிட்டுக் கத்துகிற மின்சார மெஷின். இரண்டாவது மகள் வீட்டிலிருந்து வந்தது. சின்னக் குப்பி ஒன்றை உள்ளே போட்டுப் பொத்தானை அமுக்கினால் காப்பி வரும், குப்பியைக் குப்பையில் போட வேண்டும். மூன்றாவதும் மகளுடையதுதான், பெட்டியே பிரிக்காதது: அடியில் தண்ணீர், நடுவில் தூள் வைத்து, இரண்டு பாத்திரத்தையும் திருகி அடுப்பில் ஏற்றும் அலுமினியக் கெட்டில். ருசி பார்க்க ஐந்து பேர்: மனைவி, மகள், ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் மனைவியின் அண்ணன், எதிர் வீட்டுக் கணவன், மனைவி. பவானி ஜமக்காளத்தை விரித்து, ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தேன். டம்ளர்களின் அடியில் எண் ஒட்டியிருந்தேன். பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுத வேண்டும்.

மெஷின் மூன்று, டம்ளர் நான்கு. நான்காவதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனியில், சோதிக்கிறவர்கள் ஒழுங்காகச் சோதிக்கிறார்களா என்று பார்க்க, கெட்டுப்போன பம்பு ஒன்றைத் தெரியாமல் உள்ளே அனுப்புவோம். அதே முறைதான். முந்தைய நாள் டிகாக்ஷனை இரண்டு தடவை கொதிக்கவைத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, கால் ஸ்பூன் உப்புப் போட்டிருந்தேன்.

தாள்களை வாங்கிக் கூட்டினேன். ஐந்து பேர், நான்கு டம்ளர், இருபது மார்க். பத்தொன்பது இடத்தில் பத்து. மீதி ஓர் இடத்தில் பதினொன்று. பதினொன்று வாங்கியது உப்புக் காப்பி.

“பத்துக்கு எப்படிங்க பதினொண்ணு?” என்று எதிர் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“அதக் குடிக்கறப்ப நீங்க என்னையே பாத்துட்டிருந்தீங்கல்லங்கண்ணா. செரி, இது அண்ணன் கைப்பக்குவம் போலன்னு ஒண்ணு சேத்திப் போட்டனுங்க.”

நான் மிகவும் நம்பியிருந்தது மச்சானைத்தான். மண்டியில் மஞ்சளை ஒடித்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு வண்டியோடு திருப்பி அனுப்புகிறவர் அவர்.

“மச்சான், நாலாவது டம்ளர்ல உப்புப் போட்டிருந்தனுங்க.”

“தெரியுமுங்க மாப்ளே. நாக்கு இருக்குதல்லங்க.”

“அப்பறம் ஏனுங்க பத்து?”

“மண்டிக்கு வர்றது சரக்குங்க மாப்ளே. கூடப் பொறந்தவ ஊட்டுல குடுக்கறதத் திருப்பி அனுப்பறதுங்களா? உப்புதானுங்க, என்ன இப்ப? மோர் குடிக்கறதில்லீங்களா?”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவளும் உப்புக் காப்பிக்குப் பத்து போட்டவள்தான். ஏன் என்று பிறகு கேட்டதற்கு, “எல்லாரும் போட்டாங்கப்பா” என்றாள்.

இந்தப் பேச்சு முழுவதும் எதிர் வீட்டம்மாவின் காதில் விழவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் நான்காவது டம்ளரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து, “இது அப்படியே எங்க ஊட்டுக் காப்பியாட்டவே இருக்குதுங்கண்ணா” என்றார்.

என் மனைவி எழுந்துபோய் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்தாள்.

மறுநாள், புரட்டாசி 6, நானும் அவளோடு எதிர் வீட்டுக்குப் போனேன். வாசலிலிருந்து வாசலுக்குப் பதினான்கு எட்டு. அந்த அம்மா தலை சீவி, பொட்டு வைத்துத் தயாராக நின்றார்; கண் மட்டும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. பாக்கெட் இன்ஸ்டன்ட் தூளைக் கொதிக்கும் பாலில் கொட்டி, மறுபடியும் கொதிக்கவிட்டுத் தண்ணீர் விளாவினார். குடித்தேன். உப்பு இல்லை என்பதைத் தவிர, என் நான்காவது டம்ளருக்கும் இதற்கும் வேறு வித்தியாசம் எழுத என்னால் முடியவில்லை.

“எப்படிங்கண்ணா இருக்குது?”

“அருமைங்க” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. அவர் இன்னும் அரை டம்ளர் ஊற்றினார்.

திரும்பி வரும்போது பதினான்கு எட்டுக்குள் மனைவியைக் கேட்டேன். “இதக் குடிக்கவா அம்மணி இத்தனை நாளாப் போறே?”

“மொத நாளு கோவத்துல போயிட்டனுங்க. ரெண்டாம் நாளு அவ எனக்குன்னு வெள்ளன எந்திரிச்சுப் பாலக் காச்சிவெச்சுட்டு வாசல்ல நிக்கறா. வேண்டாமுன்னா மனசு சங்கடப்படுமல்லங்க.”

“அப்ப நம்மூட்டு மெஷின் காப்பி?”

“அது கத்துமுங்க. மத்தபடி தேவலீங்க.”

அதாவது காப்பி காரணமே இல்லை. மூன்று வாரம் நான் அளந்துகொண்டிருந்தது தவறான பொருளை. அன்றைக்கு நோட்டில் இந்த ஒரே வரிதான் எழுதினேன்.

புரட்டாசி 8, புதன்கிழமை, பால் வாங்கும் இடத்தில் எதிர் வீட்டுக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அது என் இடது பக்கம். நான் சுற்றிவந்து நின்ற பிறகு முதலிலிருந்து சொன்னார்.

“அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கூட்டுல ஏழு மணிக்குத்தானுங்க எந்திரிக்கறது. இப்ப அக்கா வர்றாங்கன்னு அஞ்சு மணிக்கு அலாரம் வெக்கறா. பகலெல்லாம் தூங்கி விழறா. எங்கூட்டுல காப்பியே குடிக்கறதில்லீங்க, நாங்க டீ. அந்தத் தூளே அக்காளுக்காகத்தானுங்க வாங்கினது.”

“வர வேண்டாமுன்னு சொல்லிப்போட வேண்டியதுதானுங்களே?”

“வாராதீங்கன்னு எப்படிங்கண்ணா சொல்றது?” அவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். “நீங்க சீக்கரம் ஒரு நல்ல மெஷினா முடிவு பண்ணிப்போடுங்க. அக்கா அங்கயே குடிச்சுக்குவாங்க.”

ஆக, இரண்டு வீடும் என் முடிவுக்காகக் காத்திருந்தன. காப்பி குடிக்காத பெண் ஒருத்தி விடியும் முன்பே எழுந்து காப்பி போடுகிறாள். அந்தக் காப்பி பிடிக்காத இன்னொருத்தி போய்க் குடிக்கிறாள். இருவரில் ஒருவர் போதும் என்று சொன்னால் தீர்ந்துவிடும். இந்த ஊரில் அது நடக்காது. யார் மனதும் நோகாத காரணம் ஒன்று வேண்டும், அதுவும் பொய்யாக இருக்கக்கூடாது. என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல ஆரம்பிக்கும்போதே சிரித்துவிடுவாள்.

அன்று மாலை மூன்று மெஷினையும் வரிசையாக வைத்து வேறு கணக்கில் பார்த்தேன். முதலாவதுக்கு ஒரு ஆள் போதும். இரண்டாவதுக்கு ஒரு விரல் போதும். மூன்றாவது, அந்த அலுமினியக் கெட்டில், டிகாக்ஷன் மேலேறி முடியும் கணத்தில் களகளவென்று ஒரு சத்தம் போடும். அப்போதே அடுப்பிலிருந்து இறக்க வேண்டும், இல்லையென்றால் கருகிவிடும். அந்தச் சத்தம் மெல்லியது. அடுப்பு என் இடது கைப் பக்கம். நான்கு தடவை வைத்துப் பார்த்தேன், நான்கு தடவையும் கருக்கினேன். நான் மட்டும் தனியாக இயக்கவே முடியாத மெஷின் அது ஒன்றுதான்.

அதையே தேர்ந்தெடுத்தேன்.

“எல்லாரும் வேலை கொறையறதுக்கு மெஷின் வாங்குவாங்கப்பா” என்றாள் மகள். “நீங்க ஆள் சேக்கறதுக்கு வாங்கறீங்க.”

மறுநாள் மாலை வாசலில் நின்று என் மனைவி எதிர் வீட்டம்மாவிடம் சொன்னாள். நான் கேட்டின் உட்பக்கம், நல்ல காதைத் தெருப்பக்கம் வைத்து நின்றேன்.

“அம்மணி, நாளையிலிருந்து காலைல வர முடியாதாட்ட இருக்குது. இவரு ஒரு கெட்டில எடுத்துட்டு உக்காந்திருக்கறாரு. அது கத்தறது இவருக்குக் கேக்கறதில்ல. நான் பக்கத்துல நின்னு சொல்லோணும்.”

“ஐயோ அக்கா! அண்ணன் பாவமுங்க. நீங்க இருந்துதானுங்க ஆகோணும். எங்கூட்டுக் காப்பி எங்கீங்க போயிருது? அடுப்புல என்னமாச்சும் ஆயிருச்சுன்னா?”

அந்தக் குரலில் இருந்த நிம்மதியை எந்தத் தாளிலும் மார்க் போட்டு வாங்க முடியாது.

புரட்டாசி 10, வெள்ளிக்கிழமை, காலை ஐந்து முப்பத்தெட்டு. நான் கெட்டிலின் முன்னால், மனைவி என் வலது பக்கம். “இப்பங்க” என்றாள். இறக்கினேன். இருவரும் உட்கார்ந்து குடித்தோம். இன்று ஐப்பசி 11. இடையில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாள் தவிர ஒரு நாளும் தவறவில்லை. அந்த இரண்டு நாளும் கருகிற்று.

எதிர் வீட்டுக்காரரைச் சென்ற வாரம் பார்த்தபோது, பழையபடி ஏழு மணிக்கு எழுந்துகொள்வதாகவும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவதாகவும் சொன்னார். நான் நோட்டில் பதிந்துகொண்டேன். ஆனால் எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், அவர்கள் சமையலறை விளக்கு இன்னமும் ஐந்தேகாலுக்கு எரிகிறது. ஒன்பது நாள் பார்த்தேன், ஒன்பது நாளும் எரிந்தது. உள்ளே யார் எழுந்திருக்கிறார்கள், என்ன குடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. மனைவியிடம் சொன்னேன். “கேக்கப் போயிராதீங்க. கேட்டா மறுபடியும் கூப்புடுவா” என்றாள். ஆகவே கேட்கவில்லை. இந்த ஒரு விவரம் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.