ராம்லாலின் பீர் கம்பெனிக் கண்ணாடி

பீர் கம்பெனிகளின் பெயர் எழுதிய பழைய விளம்பரக் கண்ணாடிகளைச் சேர்ப்பதில் எனக்கு அப்போது பைத்தியம். எண்பதுகளில் டெல்லி கரோல் பாக்கில் முடிவெட்டும் ராம்லாலின் கடையில் அப்படி ஒன்று இருந்தது. எத்தனை முறை கேட்டும் அவர் தரவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் மனைவியிடம் பேசி வாங்கிவிட்டேன்.

உடம்பு சற்றுத் தேறியதும் என் வீட்டுக்கு வந்தார்.

"சாப், மலையில வெள்ளைக்காரன் நடத்தின பீர் ஃபாக்டரியில, கொதிக்கிற அண்டாவுல விழுந்து எங்கப்பா செத்தாரு. கம்பெனி எங்களுக்குக் கொடுத்தது அந்தக் கண்ணாடி ஒண்ணுதான். திருப்பிக் கொடுத்துடுங்க" என்று இந்தியில் கேட்டார்.

கண்ணாடி உள்ளறையில்தான் இருந்தது. "வித்துட்டேனே" என்றேன்.

"அச்சா" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி படியிறங்கினார்.

மூன்றாம் வாரம் இறந்துபோனார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் மனைவி அதைத் தொடவில்லை.

என் பொய்யை அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.