மேனேஜர் வாயில் என் சிமென்ட்

"…வேற எதை வேணா வைங்க டாக்டர், இந்தாளோட சுண்ணாம்பு மட்டும் வேணாம்" என்றார், ஓசூர் பல் கிளினிக் நாற்காலியில் கன்னம் வீங்கிச் சாய்ந்திருந்த என் பழைய மேனேஜர்.

அவர் சுண்ணாம்பு என்றது, ரூட் கேனால் செய்த பல்லை அடைக்க நான் உருவாக்கிய சிமென்டை. அதன் முதல் கலவையை எல்லோர் முன்னாலும் குப்பையில் கொட்டி, என்னைக் கம்பெனியை விட்டே துரத்தியவர். தனியாக ஷெட் போட்டு அதைச் செய்து முடித்தேன். அன்று கிளினிக்குக்கு அந்த சிமென்ட் டப்பாக்களைக் கொடுக்கத்தான் போயிருந்தேன். இவரைப் பார்த்ததும் கிளம்ப மனமில்லை.

"போன வருஷம் பக்கத்துப் பல்லுக்கு வெச்சதே இவரோடதுதான் சார். அது வலிக்குதா?" என்றார் டாக்டர்.

நான் மேனேஜர் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன். "நல்லா கடிக்க முடியுதுங்களா சார்?"

நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமலிருக்கக் கண்களை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறந்தார்.