லச்சி என்று கூப்பிட்டால் கம்பளி வந்தது

ஸ்வெட்டர் பின்னுவதில் தாராவியில் எனக்கு ஈடு கிடையாது. உல்லாஸ்நகரில் கம்பளி நூல் சந்தை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிட்டேன். ஊரிலிருந்து தன் மகன் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த என் சிநேகிதி லட்சுமியும் கூட வந்தாள். நான் அவளை லச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. "பத்திரமா கொண்டாந்து விடுதேன்" என்று அவள் மகனிடம் நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருந்தேன்.

சந்தையில்தான் எத்தனை நிறம்! ஒரு கிளிப்பச்சை நூலைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அவளைக் காணோம்.

"லச்சி! ஏ லச்சி!" என்று கத்தினேன்.

உடனே கடைக்காரர்கள் ஆளுக்கொரு நூல் சிட்டத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். இந்தியில் நூல் சிட்டத்துக்கு லச்சி என்றுதான் பேராம்! சந்தை முழுக்க "லச்சி, லச்சி" என்றே கூவுகிறார்கள். அவள் எந்தக் குரலுக்கென்று வருவாள்?

சட்டென்று யோசனை வந்தது. "ஆறுமுகம் பொண்டாட்டீ!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏட்டி, அவுக பேர நானே வாய்விட்டுச் சொன்னதில்ல. நீ சந்தையில ஏலம் போடுதியே!"

"நீ எங்கட்டி போன?"

"எல்லாவனும் எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டான், போனேன். போனா நூலைல்லா காட்டுதான்!"

இப்போதெல்லாம் எந்தக் கூட்டத்திலும் நான் அவளை லச்சி என்று கூப்பிடுவதில்லை. ஆறுமுகம் பொண்டாட்டி என்றுதான் கூப்பிடுகிறேன். வைதுகொண்டே வந்துவிடுகிறாள்.