தூக்க மருந்து கேட்டு வந்தவர்கள்

மருந்துக் கடையில் நிற்பவனுக்கு, ஊரில் யாருக்கெல்லாம் தூக்கம் வரவில்லை என்பது தெரிந்துவிடும். காப்பி செழித்த காலத்துக் கண்டியில் அப்படியொரு கடையில் மருந்து கலந்தேன். படுக்கையில் புரண்டு புரண்டு அலுத்த உங்களுக்கு இந்த மூன்று பேரையும் பிடிக்கும்.

கதிரையை விடாதவர்

காப்பிக் கொட்டை காயவைத்துச் சேர்க்கும் ஸ்டோரில் கணக்கு எழுதிய சுப்பையாபிள்ளை பகல் முழுக்கக் கதிரையில் உட்கார்ந்தே இருப்பார். இரவு முழுக்க விழித்திருப்பார். அபின் கலந்த மருந்து கேட்டார். அது பழகினால் விடாதே என்ற பயம் எனக்கு. "சாயங்காலம் அம்பிட்டிய மேடு வரைக்கும் நடந்துட்டு வாங்க. உட்கார்ந்தே இருந்தா உடம்பு அலுக்காது, நரம்புதான் அலுக்கும்" என்றேன்.

கால் வலிதான் மிச்சம் என்று முதலில் திட்டினார். அடுத்த மாதம் சிரித்துக்கொண்டே வந்தார்: "சாமி கும்பிட உட்கார்ந்தவன் அங்கேயே தூங்கிட்டேன். மூச்சு இருக்கான்னு சம்சாரம் மூக்குல கை வச்சுப் பாத்திருக்கா!"

வண்டிச் சத்தம்

அக்குறணை வியாபாரி காசிம் நானா ஏறிவந்த வண்டி ஒருநாள் பள்ளத்தில் கவிழ்ந்தது. அன்றிலிருந்து சக்கரச் சத்தம் கேட்டாலே அவருக்குக் கை நடுங்கும். கண்ணை மூடினால் வண்டி கவிழும். வீட்டைவிட்டு வெளியே வருவதையே குறைத்துவிட்டார். தூக்க மருந்து கேட்டு வந்தவரை, தினமும் மாத்தளை ரோட்டில் வேகமாக நடக்கச் சொன்னேன். முதலில் மருமகன் துணைக்குப் போனார். பிறகு நானா தனியாகவே போகத் தொடங்கினார். வண்டி வந்தால் ஒதுங்கி நிற்கவும் பழகினார்.

ஒருநாள் வியர்வையைத் துடைத்தபடி கடைக்குள் வந்து சொன்னார்: "இப்ப நல்லாத் தூங்குறன். நடுக்கமும் கொறஞ்சிட்டு. வண்டியில ஏறத்தான் இன்னும் மனசு வரல்ல. அதுக்கென்ன, அல்லாஹ் கால் தந்திருக்கானே!"

செல்லாயிக்கு என்ன சொல்ல?

மன்னாரிலிருந்து தோட்டத்துக்கு நடந்துவந்த வழியில் கைக்குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தவள் செல்லாயி. பகலெல்லாம் மலையேறிக் காப்பிப் பழம் பறிப்பவளிடம் நடக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் மருந்து கொடுத்தேன், பலிக்கவில்லை. உழைப்பு உடம்பைத்தான் அசத்தியது, நெஞ்சின் படபடப்பைத் தொடவில்லை.

மாரியம்மன் திருவிழாவில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அவளைக் கும்மிக்கு இழுத்துப் போனார்களாம். அடுத்த முறை டவுனுக்கு வந்தபோது அவள் மருந்து கேட்கவில்லை. "சொல்லிட்டுப் போகத்தான் வந்தேங்கய்யா. அழுதுகிட்டேதான் கும்மி அடிச்சேன். அன்னைக்குத் தூங்கினதுல விடிஞ்சதே தெரியல."

ஊரைத் தூங்க வைத்த புண்ணியம் எனக்கு. மருந்து கேட்டு வந்தவர்களை நான் நடக்க அனுப்புவதைப் பார்த்துத் தூக்கம் போனது கடை முதலாளிக்கு.